தாத்தாவின் பூமலையும் என் முழங்காலும்

நவம்பர் 15, வெள்ளி

சிங்கப்பூரில் தோட்டங்களாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டது நான்தான். அதனால் பாப்பா போட்டு வைத்திருந்த பட்டியலைப் பார்த்து நான் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பாப்பா என் தங்கை மகள். வயது 34, எங்களுக்கு இன்னும் பாப்பாதான். ஒரு வாரத்துக்கு அவள் எழுதியிருந்ததெல்லாம் பூங்கா, காடு, தீவு, மறுபடி பூங்கா. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். "இதுல உட்கார்றதுக்கு எந்த இடம்?" என்று கேட்டார்.

விமான நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் தூங்குமூஞ்சி மரங்கள். கடல் தாண்டி வந்து முதலில் பார்த்தது நம் ஊர் மரம். இங்கே மழை மரம் என்கிறார்கள். மலாய்க்காரர்கள் அஞ்சு மணி மரம் என்பார்களாம், சாயங்காலம் இலையை மூடிக்கொள்வதால். உண்மையில் இது அமெரிக்கக் கண்டத்து மரம். இரண்டு ஊருக்கும் வந்தேறிதான். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இதே மரங்களின் நிழலில்தான் பஸ் நிற்கும். சாலை அகலமானபோது போய்விட்டன. இங்கே ஆறு வழிச் சாலைக்கு மேலேயே கிளைகள் கை கோத்துக்கொண்டிருக்கின்றன. இவர் தூங்கிவிட்டதால் யாரிடமும் சொல்லவில்லை.

தங்குவது தோ பாயோ என்ற பகுதியில், பதினோராவது மாடி. ராத்திரி மழை.

நவம்பர் 16, சனி

என் அம்மாவின் அப்பா வாலிபத்தில் கப்பல் ஏறியவர். மலாயாவின் ஜொகூரில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவினார். உலகப் போர் முடிந்தபின் சிங்கப்பூருக்கு வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். ஊர் திரும்பியபோது கொண்டுவந்தவற்றில் ஒரு பிஸ்கட் டின் நிறைய ரப்பர் கொட்டையும் இருந்தது. பழுப்பில் புள்ளி புள்ளியாக, பெரிய ஆமணக்கு விதை மாதிரி வழவழவென்று இருக்கும். பல்லாங்குழிக்கு எடுத்தால் குழிக்கு ஆறு வைப்பதற்குள் நிறைந்துவிடும். அதனால் ஆடியதைவிட எண்ணியதுதான் அதிகம். தாத்தாவுக்கு வேறு விளையாட்டு. கொட்டையைத் திண்ணைச் சிமென்டில் பரபரவென்று தேய்த்து, நாங்கள் அசந்த நேரம் கையில் வைத்துவிடுவார். சுரீரென்று சுடும்.

அவர் வாயில் அடிக்கடி வரும் இடம் பூமலை. "ஞாயித்துக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுப் பூமலைக்குப் போவோம்." ஏதோ முருகன் கோயில் மலை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

இன்றைக்கு ரயிலை விட்டு இறங்கி நிமிர்ந்தால் பலகையில் தமிழில் "பூ மலை" என்று எழுதியிருக்கிறது. தாவரவியல் பூங்காவுக்கு இங்குள்ள தமிழர்கள் வைத்த பெயர் அது. மலை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, சின்ன ஏற்ற இறக்கம்தான். அந்த ஏற்றத்துக்கே என் இடது முழங்கால் மலை என்று ஒப்புக்கொண்டது.

1859-இல் தொடங்கிய தோட்டம், 82 ஹெக்டேர். 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்திருக்கிறது. காலை 5 மணிக்குத் திறந்து நள்ளிரவு வரை, கட்டணம் கிடையாது. காவலாளி நம்மை ஏற இறங்கப் பார்ப்பதும் கிடையாது. ஏழரை மணிக்குப் புல்வெளி முழுக்க ஓடுகிறவர்கள், நாயைக் குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளுகிறவர்கள், வாளை வைத்துக்கொண்டு மெதுவாக ஏதோ பயிற்சி செய்யும் சீனப் பாட்டிகள். அவர்களில் ஒருவர் இவர் வழி மறித்து நின்றதற்கு, இவரைத் திட்டாமல் வாளைத் தாழ்த்திக் காத்துக்கொண்டிருந்தார். இவர் பயந்துபோய்க் கும்பிட்டார்.

அஞ்சு வெள்ளி நோட்டில் ஒரு மரம் இருக்கிறது. (டாலரை இங்கே தமிழில் வெள்ளி என்கிறார்கள், கேட்கவே நன்றாக இருக்கிறது.) அந்த தெம்புசு மரம் நேரில் நிற்கிறது. நோட்டை விரித்துப் பக்கத்தில் பிடித்துச் சரிபார்த்தேன். தரைக்குச் சமமாகக் கை நீட்டிய அந்தத் தாழ்ந்த கிளை அப்படியே. முன்பெல்லாம் அதில் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பார்களாம், இப்போது வேலி போட்டிருக்கிறார்கள்.

ஆர்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம், எனக்கு 15 வெள்ளி. 63-ஆல் பெருக்கக் கூடாது என்று பாப்பா தடை போட்டிருந்தாள், பெருக்கிவிட்டேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்கிட் வகைகள், இரண்டாயிரம் கலப்பினங்கள் என்கிறார்கள். வந்து போன தலைவர்கள் பேரிலெல்லாம் பூ இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் எனக்குப் பூ சலித்துவிட்டது. சொன்னால் கோபித்துக்கொள்வார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. எல்லாம் ஒரே மாதிரி அழகாக இருந்தன. வாண்டா மிஸ் ஜோக்கிம் என்ற இவர்களுடைய தேசிய மலர் மட்டும் மனதில் நின்றது. ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் தோட்டத்தில் பூத்தது, 1893-இல் பெயர் வைத்தார்கள்.

நான் தேடியது ரப்பர் மரம். இந்தத் தோட்டம் இல்லாவிட்டால் என் தாத்தா கப்பல் ஏறியிருக்கவே மாட்டார் என்பது ரொம்பப் பேருக்குத் தெரியாது. பிரேசிலிலிருந்து இங்கிலாந்துக்குப் போன விதையில் முளைத்த கன்றுகளில் 22, 1877-இல் இங்கே வந்து சேர்ந்தன. 1888-இல் பொறுப்புக்கு வந்த ரிட்லி என்ற வெள்ளைக்காரர் மரம் சாகாமல் பால் எடுப்பது எப்படி என்று பட்டையை மீன்முள் மாதிரி கீறிக் கீறிப் பார்த்துக் கண்டுபிடித்தார். காப்பி போடாதீர்கள், ரப்பர் போடுங்கள் என்று தோட்டக்காரர்களைப் பார்க்கிற இடத்திலெல்லாம் நச்சரித்ததில் பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வாங்கினார். அப்புறம் கார் வந்தது, டயர் வந்தது, மலாயா முழுக்க ரப்பர் வந்தது. சீவுவதற்கு நம் ஆட்கள் போனார்கள். ரிட்லி நூறு வயது வாழ்ந்து 1956-இல் இறந்தார்.

தாத்தா சொல்வார்: கத்தி ஒரு நெல் ஆழம் கூடப் போனால் மரத்துக்குப் புண், கங்காணியிடம் நமக்கு ஏச்சு. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையோடு இங்கே உலாத்தியபோது, மலாயா பக்கத்தில் இந்த மரம் முதலில் வேர் பிடித்த இடங்களில் இதுவும் ஒன்று என்று அவருக்கு யாராவது சொல்லியிருப்பார்களா? தெரிந்திருந்தால் எங்களிடம் நூறு தடவை சொல்லியிருப்பார்.

மதியம் உணவங்காடியில் சாப்பாடு. காலியான மேசையில் ஒரு சின்ன டிஷ்யூ பொட்டலம் கிடந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தேன். தட்டோடு வந்த இளைஞன் என்னைப் பார்த்தான், பொட்டலத்தைப் பார்த்தான், சிரித்துவிட்டு வேறு மேசைக்குப் போய்விட்டான். டிஷ்யூ வைத்தால் இடம் பிடித்ததாக அர்த்தமாம். நம் ஊர் பஸ் ஜன்னலில் துண்டு போடுவதுதான். மானம் போயிற்று.

இன்று கார்த்திகை ஒன்று. இவர் மாசம் முழுக்கக் கவுச்சி தொடமாட்டார். "நோ மீட்" என்று கேட்டு வாங்கிய நூடுல்ஸின் மேல் வறுத்த நெத்திலி தூவியிருந்தது. கடைக்கார அம்மாள் கணக்கில் நெத்திலி மீனில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது. அதை நான் சாப்பிட்டேன், அவர் வாழைப்பழம் சாப்பிட்டார்.

நவம்பர் 17, ஞாயிறு

கரையோரப் பூந்தோட்டம். கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் 101 ஹெக்டேர், 2012-இல் திறந்தது. கண்ணாடிக் கூடங்கள் இரண்டுக்குமாக டிக்கெட் எங்கள் இருவருக்கும் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. பாப்பா கட்டிவிட்டாள். நான் அவள் பைக்குள் திணித்த பணத்தை அவள் என் பைக்குள் திணிக்க, பின்னால் வரிசை நின்றது.

வெளியே வியர்வையில் முதுகு நனைந்திருந்தது, உள்ளே மார்கழி. ஒரு கூடத்தில் ஆலிவ் மரம், ஆப்பிரிக்கப் பீப்பாய் மரம். நம் பக்கத்தில் அதற்குப் பப்பரப்புளி என்று பெயர். அரபு வணிகர்கள் கொண்டுவந்து போட்டது என்பார்கள். இன்னொரு கூடத்தில் 35 மீட்டர் உயரத்திலிருந்து அருவி விழுகிறது. சாரல் முகத்தில் பட்டதும் நூறு பேர் ஒரே சமயத்தில் போனைத் தூக்கினார்கள். குற்றாலத்தில் அருவிக்குள் தலையைக் கொடுக்கத்தான் வரிசை நிற்கும். இங்கே அருவிக்கு முதுகைக் காட்டி நிற்க வரிசை.

இரும்பாலான ராட்சத மரங்கள் 18, உயரம் 25 முதல் 50 மீட்டர். பகலில் எனக்கு அவை புரியவில்லை. ராத்திரி 7.45-க்கு விளக்கு, பாட்டு, காசில்லை. எல்லோரும் தரையில் மல்லாந்து படுத்திருந்தார்கள். நாங்கள் தயங்கி நிற்க, ஒரு சீன முதியவர் தன் பாயில் பாதியைக் காலி செய்து தட்டிக் காட்டினார். ஊரில் மொட்டை மாடியில் படுத்தது கடைசியாக எப்போது என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். பாட்டு முடிந்ததும் முதியவர் தூங்கிப்போயிருந்தார். பாயை மடிக்க வேண்டுமே என்று அவர் எழும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

18,000 காலடி நடந்திருப்பதாகப் போன் சொன்னது. ஊருக்கு வாங்கின ஆறு கோடாலித் தைலத்தில் ஒன்றைத் திறந்தாயிற்று.

நவம்பர் 18, திங்கள்

இன்று பார்த்ததை யாரும் சுற்றுலாப் பட்டியலில் போடமாட்டார்கள். பீஷான் - ஆங் மோ கியோ பூங்கா, வீட்டுக்குப் பக்கம். முன்பு இங்கே காலாங் ஆறு 2.7 கிலோமீட்டர் நேர்கோட்டில், கான்கிரீட் வாய்க்காலாக ஓடியதாம். கான்கிரீட்டை உடைத்தெடுத்துவிட்டு, மண்கரை, பாறை, செடிவேர் எல்லாம் கொடுத்து 3.2 கிலோமீட்டருக்கு வளைத்து நெளித்து ஓட விட்டிருக்கிறார்கள். 2012-இல் முடிந்த வேலை. மழை பெய்தால் ஆறு அகன்று புல்வெளியைத் தானே எடுத்துக்கொள்ளும். தண்ணீர் ஏறினால் எச்சரிக்க விளக்கும் ஒலிபெருக்கியும் வைத்திருக்கிறார்கள். எங்கள் பாமணி ஆற்றுக்குக் கரை கட்ட வேண்டும் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். கட்டின கரையைக் காசு செலவழித்து உடைப்பார்கள் என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

நீர்நாய் வரும் என்று பாப்பா சொல்லியிருந்தாள். ஒன்றரை மணி நேரம் வரவில்லை. கிளம்பலாம் என்று எழுந்தபோது, முழங்கால் உயரத்துக்குக் கேமரா வைத்திருந்த ஒருவர் உதட்டில் விரல் வைத்து உட்காரச் சொன்னார். ஏழு நீர்நாய்கள். தண்ணீரிலிருந்து ஏறி, நடைபாதையைக் குறுக்கே கடந்து, புல்லில் முதுகைத் தேய்த்துப் புரண்டன. சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி நின்றார்கள். ஒரு குட்டி தலையோடு பிடித்த மீனைக் கறுக் கறுக்கென்று மெல்லும் சத்தம் பத்தடியில் கேட்டது. வாடையும் வந்தது. அது மட்டும் வீடியோவில் வராது.

பக்கத்துப் பெஞ்சில் இருந்த அம்மாள் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். மூன்று தலைமுறையாக இங்கே இருப்பவராம். காலைப் பலகாரத்துக்குப் பசியாறல் என்ற சொல்லை ஊரில் யாரும் சொல்லக் கேட்டதில்லை. தாத்தா சொல்லிக் கேட்டது.

நவம்பர் 19, செவ்வாய்

காலையிலிருந்து மழை. எங்கும் போகவில்லை. இவருக்குப் பரம சந்தோஷம்.

பத்து மணிக்குக் குப்பை போடக் கீழே இறங்கினேன். கட்டடத்துக்கு அடியில் சுவர் இல்லாத பெரிய கூடம் இருக்கிறது, அங்கே நாலைந்து பேர் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள். புல் வெட்டும் ஆட்கள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், அதன்மேல் பச்சையாகப் புல் தூள் அப்பியிருந்தது. மழை வாசனையோடு வெட்டின புல்லின் வாசனை. ஒருவர் என் புடவையைப் பார்த்துவிட்டு, "எந்த ஊருங்கக்கா?" என்றார்.

"மன்னார்குடி."

"அட, நான் ஒரத்தநாடு பக்கம்." நாலு வருஷமாயிற்றாம் வந்து. தோளில் மாட்டும் மெஷின் எட்டு மணி நேரம் அதிர்ந்ததில் ராத்திரி கை தானாக ஆடும் என்று கையை நீட்டிக் காட்டினார். கல் தெறிக்காமல் இருக்க ஒருவர் வலையைப் பிடித்துக்கொண்டு கூடவே நகர வேண்டும். "இங்க புல்லு நிக்கவே நிக்காதுக்கா. இந்தக் கோடி முடிச்சா அந்தக் கோடி வளர்ந்துருக்கும்." விடியுமுன் வந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். மேலே போய் மாவடு கொண்டுவந்து கொடுத்தேன். ஐந்து பேரும் எண்ணிப் பங்கு போட்டார்கள்.

பதினோராவது மாடிக்குத் திரும்பி ஜன்னலில் பார்த்தால் கீழே புல்வெளி கோலப்பலகை மாதிரி மட்டமாக இருந்தது.

நவம்பர் 20, புதன்

மெக்ரிச்சி. சிங்கப்பூரின் முதல் நீர்த்தேக்கம், அதைச் சுற்றிக் காடு. குரங்குக்குத் தீனி போட்டால் அபராதம் என்று பலகை இருந்தது. நாங்கள் போடவில்லை, அது எடுத்துக்கொண்டது. பிளாஸ்டிக் பை சரசரத்தால் சாப்பாடு என்று அவற்றுக்குத் தெரியும். எலுமிச்சைச் சோறும் வடகமும் இருந்த பையை இவர் கையிலிருந்து ஒரு பெரிய ஆண் குரங்கு, பறிக்கக்கூட இல்லை, வாங்கிக்கொண்டு போன மாதிரி போயிற்று. மரத்தில் உட்கார்ந்து முதலில் வடகத்தைத் தின்றது. ஓடிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி நின்று, இனிமேல் பையை முதுகுப்பைக்குள் வையுங்கள் என்று சொல்லிவிட்டு, தன்னிடமிருந்த ரொட்டித் துண்டை இவருக்குக் கொடுக்கப் பார்த்தாள். குரங்கு திரும்பிப் பார்த்ததும் அவளே உள்ளே வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது தைலம்.

நவம்பர் 21, வியாழன்

ஹென்டர்சன் அலைப் பாலம். சாலைக்கு மேலே 36 மீட்டர் உயரத்தில் 274 மீட்டர் நீளத்துக்கு மரப்பலகை, பாம்பு மாதிரி மேலும் கீழும் நெளிகிறது. நடுப் பாலத்தில் இவருடைய வலது ஷூவின் அடிப்பாகம் வாய் பிளந்துவிட்டது. அலமாரியில் ஆறு வருஷம் இருந்த ஷூ, இந்த ஊர் ஈரத்தில் பசை விட்டுப்போயிருக்க வேண்டும். என் தலைமுடி ரப்பர் வளையம் இரண்டை மாட்டி, சப்பக் சப்பக் என்று நடந்து வந்தோம். காட்சி எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது, நான் ஷூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புது ஷூ 39 வெள்ளி. இந்த முறை அவர் பெருக்கினார்.

நவம்பர் 22, வெள்ளி

பூலாவ் உபின் தீவு. சாங்கி முனையில் படகு. நேரக் கணக்கு கிடையாது, பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்பும். எட்டுப் பேர்தான் இருந்தோம். சரி என்று பக்கத்து உணவங்காடிக்குப் போய் நாசி லெமாக் சாப்பிட்டேன். தேங்காய்ப்பால் சோறு, காரச் சட்னி மாதிரி சம்பால், பொரித்த மீன். இவர் கோப்பி மட்டும். திரும்பினால் படகு போயிருந்தது. மறுபடி எண்ண ஆரம்பித்தோம்: நாங்கள் மூன்று, சைக்கிள்காரர்கள் நாலு... பன்னிரண்டாவது ஆளாக ஒரு பாட்டி கீரைக்கட்டோடு வந்தபோது எல்லோரும் கைதட்டினோம்.

தீவில் இறங்கியதும் சத்தம் குறைந்தது. தகரக் கூரை வீடு, கோழி, தெருநாய். சிங்கப்பூரை மலேசியாவோடு இணைக்கும் ஜொகூர் பாலத்துக்குக் கருங்கல் போனது இங்கிருந்துதான். வெட்டின பள்ளங்களில் இப்போது தண்ணீர், கொக்கு. தீவின் கோடியில் செக் ஜாவா. கடலைத் தூர்க்கும் திட்டத்தில் போயிருக்க வேண்டிய கரை, 2001 கடைசியில் நிறுத்தி வைத்தார்கள். அலையாத்திக்குள் மரப்பாலம். முத்துப்பேட்டையில் படகில் போய்ப் பார்க்கும் அதே காடு. சேற்றில் ஊசி ஊசியாக நிற்கும் மூச்சுவேரைப் பார்த்து இவர், "இதுக்கு நம்ம ஊர்லேயே இருந்திருக்கலாம்" என்றார். ஆனால் பாலத்தை விட்டு நகராதவரும் அவர்தான். ஒற்றைப் பெரிய கொடுக்கை ஆட்டி ஆட்டிக் கூப்பிடும் நண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் காட்டுப்பன்றி ஒன்று எங்களை மதிக்காமல் சாலையைக் கடந்தது. அதற்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கியபோதுதான் பார்த்தேன். வரிசை தெரிகிற மாதிரி நின்ற மரங்கள். சாம்பல் பட்டை, காம்புக்கு மூன்று இலை. தீவில் முன்பு ரப்பர் தோட்டங்கள் இருந்தன, விட்டுப்போனவை காட்டோடு காடாக நிற்கின்றன. ஒரு மரத்தில் இடுப்பு உயரத்தில் பட்டை மேடும் பள்ளமுமாகத் தழும்பேறியிருந்தது. விரலை வைத்தேன். சாய்வாக, இடமிருந்து வலமாக இறங்கியது. காலடியில் சருகைத் தள்ளினால் கொட்டைகள். பாதி மக்கியவை, பூச்சி அரித்தவை. ஒன்று மட்டும் புதுசாக, புள்ளி புள்ளியாக, வழவழவென்று.

"பெரியம்மா, இங்கேர்ந்து எதையும் எடுத்துட்டுப் போகக் கூடாது" என்றாள் பாப்பா.

"எடுத்துட்டுப் போகலடி. படகுத்துறை வரைக்கும் வெச்சிருக்கேன்."

படகுத்துறையில் இளநீர் குடித்துவிட்டு உட்கார்ந்தோம். ஒன்பது பேர்தான் சேர்ந்திருந்தோம். சிமென்ட் திட்டு சூடாகவும் சொரசொரப்பாகவும் இருந்தது. கொட்டையைத் தேய்த்தேன். கை மறக்கவில்லை, எத்தனை தேய்ப்பு என்றுகூடத் தெரிந்திருந்தது. இவர் புது ஷூவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கைக்குக் கீழே வைத்தேன்.

"ஏய்!" என்று அவர் குதித்த குதியில் படகுக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.